'குடிச்சாதான் இப்பிடி, இல்லேன்னா தங்கம்'

குமரி மாவட்டத்தில் கிழக்கே ஆரல்வாய்மொழியில் கேட்டாலும் மேற்கே நீரோடியில் கேட்டாலும், அடிபட்ட பெண் தன் கணவனைப் பற்றிச் சொல்வது ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். "அவரு குடிச்சாதான் இப்பிடி. இல்லேன்னா தங்கமான மனுசனாக்கும்." விளவங்கோடு பக்கம் 'குடிச்சா' என்ற இடத்தில் 'வெள்ளம் அடிச்சா' என்று வரும், அவ்வளவுதான் வித்தியாசம். மாமியாரும் இதைத்தான் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்காவும், சமாதானம் பேச வந்த ஊர்ப் பெரியவரும், சில நேரம் புகாரை வாங்குகிற காவலரும்கூட இதையே சொல்கிறார்கள்.

இதில் பாதி உண்மை. மீதிப் பாதி பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அது அந்தப் பெண் தன் வாழ்க்கையைத் தாங்கிக்கொள்ளக் கண்டுபிடித்த வழியும்கூட. ஆனால் முதல் அடி இரண்டாவதாகி, இருபதாவதாகி, கணக்கே இல்லாமல் போவதில் இந்த ஒரு வரிக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

முதலில் உண்மையான பாதி. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, மணமான பெண்களிடம் கணவனின் குடியையும் அடியையும் பற்றித் தனித்தனியாகக் கேட்டது. அடிக்கடி போதையேறும் கணவன் உள்ள பெண்களில் 70 சதவீதம் பேர் உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்திருந்தார்கள். குடிக்காத கணவன் உள்ளவர்களிடம் அது 23 சதவீதம். ஏறக்குறைய மூன்று மடங்கு. இதற்கு முந்தைய கணக்கெடுப்பிலும் இதே அளவு இடைவெளிதான் தெரிந்தது. ஆகவே குடிக்கும் அடிக்கும் தொடர்பு உண்டா என்பதில் விவாதமே இல்லை.

சரி, அந்த 23 சதவீதத்தைக் கொஞ்சம் பாருங்கள். அந்தப் பெண்களின் கணவர்கள் ஒரு சொட்டும் குடிக்காதவர்கள். குடி இல்லாத வீடுகளிலும் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவான வீடுகளில் அடி தெளிந்த தலையோடுதான் விழுந்திருக்கிறது. மறுபுறம், அடிக்கடி போதையில் வரும் கணவர்களிலும் பத்தில் மூன்று வீடுகளில் அடி இல்லை. குடித்துவிட்டுப் பாடுகிறவன், அழுகிறவன், திண்ணையில் சுருண்டு தூங்குகிறவன் என்று நம் தெருவிலேயே பலரைப் பார்த்திருப்போம்.

கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டினால் இன்னொரு கேள்வி எழும். அதே கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 25.4 சதவீதம் பேர் குடிக்கிறார்கள், கேரளத்தில் 19.9 சதவீதம். பெரிய தூரம் இல்லை. ஆனால் கணவனிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்ன பெண்கள் தமிழ்நாட்டில் 38.1 சதவீதம், கேரளத்தில் 9.9 சதவீதம். வெளியே சொல்லும் பழக்கம் இடத்துக்கு இடம் மாறும் என்பதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், குடியில் ஐந்தரைப் புள்ளி வித்தியாசத்தால் அடியில் நான்கு மடங்கு வித்தியாசத்தை விளக்க முடியாது. குமரியோ 1956 நவம்பர் 1 வரை அந்தப் பக்கத்து அரசோடு இருந்த நிலம், எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் (2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம்). படிப்பு மட்டும் அடியைத் தடுத்துவிடும் என்றால் இந்த மாவட்டத்தில் இந்தக் கட்டுரைக்கே வேலை இருக்காது.

அப்படியென்றால் குடி என்னதான் செய்கிறது? ஒரு குவாட்டரில் இருந்து தொடங்கலாம். 180 மில்லி, அதில் சாராயச் சத்து 42.8 சதவீதம். கிராமில் சொன்னால் 60க்குச் சற்று மேல். மருத்துவர்கள் 10 கிராமை ஓர் 'அளவு' என்று கணக்கு வைப்பார்கள், ஆக ஒரு குவாட்டர் ஆறு அளவு. நம் ஊரில் இதைக் குடிக்கும் முறை அதைவிட முக்கியம். வேலை முடிந்து, வெறும் வயிற்றில், பாரில் நின்றபடி, ஒரு துண்டு ஊறுகாயோடு கால் மணி நேரத்தில் காலி. அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அது உச்சிக்குப் போகும். கடை இரவு 10 மணிக்கு மூடும். உச்சம் ஏறுகிற அதே நேரத்தில் அவன் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பான்.

அந்த நேரத்தில் மூளைக்கு நடப்பதை 1990இல் கிளாட் ஸ்டீல், ராபர்ட் ஜோசப்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒருவகைக் கிட்டப்பார்வை என்று விளக்கினார்கள். கண்ணுக்கு முன்னால் இருப்பது பெரிதாகத் தெரியும், தூரத்தில் இருப்பது மறைந்துவிடும். மீன்குழம்பில் உப்புக் கூடியது, கதவு திறக்கத் தாமதமானது, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டது எல்லாம் முன்னால் இருக்கிறது. நாளைக்குப் பிள்ளையின் பள்ளிக்கூடம், மைத்துனன் வந்து கேட்பான் என்பது, பத்து வருடம் ஒன்றாக வாழ்ந்தது இவையெல்லாம் மங்கலாகிப் போகின்றன. தெளிவாக இருக்கும்போது முன்கோபத்தைப் பிடித்து நிறுத்துவது இந்தத் தூரத்து எண்ணங்கள்தான். குடி அந்தக் கயிற்றை அறுத்துவிடுகிறது.

ஆனால் எல்லாக் கயிற்றையும் அறுப்பதில்லை. வீட்டுக்கு வருகிற வழியில் வாகனச் சோதனையில் மாட்டிக்கொண்டால் அதே மனிதன், அதே போதையில், வண்டியை ஓரம் கட்டி 'சார்' என்கிறான். பாரில் தன்னைவிடத் திடமான ஆள் இடித்துவிட்டுப் போனால் விலகி நிற்கிறான். ஆக, யாரை அடிக்கலாம், யாரை அடித்தால் திரும்ப விழும் என்ற பட்டியல் அவனுக்குள் போதையிலும் அழியாமல் இருக்கிறது. அந்தப் பட்டியலை எழுதியது பிராந்தி இல்லை. மனைவி தன் கைக்குள் இருக்க வேண்டியவள், கேள்வி கேட்கக் கூடாதவள் என்ற நினைப்பு முதலிலேயே இருந்தால்தான் போதை அதைத் தூக்கிக்கொண்டு வரும். இல்லாத ஒன்றை அது கொண்டுவராது.

இனி, திரும்பத் திரும்ப நடப்பதன் கதைக்கு வரலாம். வீட்டு வன்முறை சுழற்சியாக வரும் என்பதை 1979இலேயே லெனோர் வாக்கர் என்ற உளவியலாளர் எழுதினார். முதலில் இறுக்கம் கூடும், பிறகு வெடிக்கும், பிறகு மன்னிப்பு, கொஞ்சல், ஒரு முழம் பூ, பிள்ளைகளுக்குத் தின்பண்டம். எல்லா வீட்டுக்கும் இது பொருந்தாது என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள், அதுவும் சரிதான். ஆனால் குடி இருக்கும் வீட்டில் இந்தச் சக்கரத்தோடு இன்னொரு சக்கரமும் ஒரே அச்சில் சுற்றுகிறது. ஏக்கம், குடி, மறுநாள் உடல்வாதை, 'இனித் தொட மாட்டேன்', மறுபடி ஏக்கம். இரண்டிலும் மன்னிப்பு ஒரே காலை நேரத்தில் வருகிறது. எதற்கான மன்னிப்பு என்று அவளுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. குடித்ததற்கா, அடித்ததற்கா?

இந்த அச்சைச் சுற்றவைப்பது பெரும்பாலும் காசு வருகிற தேதியும் வராத தேதியும்தான். கொத்து வேலைக்குச் சனிக்கிழமை கூலி. தங்கல் மீன்பிடிக்குப் போனவர்கள் பல நாள் கடலில் இருந்துவிட்டுக் கரையேறும் நாளில் மொத்தமாகப் பங்கு கிடைக்கும். வளைகுடாவில் இருந்து லீவில் வருபவருக்கு இரண்டு மாதம் முழுக்கச் சனிக்கிழமை. இதெல்லாம் கை நிறைந்த நாட்களின் அடி. கை வெறுமையான நாட்களின் அடி வேறு மாதிரி இருக்கும், அதைத்தான் வெளியே இருப்பவர்கள் கவனிப்பதில்லை. விசைப்படகுகளுக்குச் சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், குளச்சல், முட்டம் என்று மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ரப்பர் வெட்டுகிறவருக்கு இலையுதிர்கிற மாதங்களிலும் அடைமழையிலும் வேலை இல்லை. குடிக்கு அடிமையானவருக்குக் கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்தில் இருந்தே கை நடுக்கம், வியர்வை, எரிச்சல் தொடங்கலாம். அப்போது அவர் போதையில் இல்லை, தெளிவாகத்தான் இருக்கிறார். மகளிர் குழுவில் எடுத்த கடன் பணத்தை எங்கே வைத்தாய், கம்மலைக் கழற்றித் தா என்று தொடங்கும் சண்டை அந்த நேரத்து எரிச்சலில் வருவது. சீதனமாக வந்த பொன் ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போகும் பாதையும் இதுதான். 'குடிச்சாதான் இப்பிடி' என்பது இங்கே சொல்லளவில்கூடப் பொருந்தாது.

இன்னொன்று சந்தேகம். பல வருடம் குடித்தவர்களில் சிலருக்கு மனைவி மேல் அசைக்க முடியாத சந்தேகம் வேரூன்றிவிடும். மருத்துவத்தில் இதற்குத் தனிப் பெயரே உண்டு, நாம் சந்தேக நோய் என்கிறோம். நெடுநாள் குடி ஆண்மையைக் குறைக்கிறது, அந்தக் குறையை அவள் வேறெங்கோ தேடுகிறாள் என்று மனம் முடிச்சுப் போடுகிறது. போனைப் பிடுங்கிப் பார்ப்பது, ஊரில் இல்லாத நாட்களுக்கெல்லாம் கணக்குக் கேட்பது, அண்டிப் பருப்பு (முந்திரி) ஆலையில் வேலை முடிந்து பத்து நிமிடம் பிந்தினால் வாசலில் நிற்பது. இது போதை இறங்கினாலும் இறங்காது. குடியை நிறுத்திய பிறகும் சிலரிடம் ஒட்டிக்கொண்டு இருக்கும். மருத்துவர்கள் கொலையாபத்தோடு சேர்த்துப் பார்க்கிற அறிகுறி இது.

கஞ்சாவைப் பற்றியும் வலி மாத்திரைகளைப் பற்றியும் கேட்பவர்கள் இருப்பார்கள். இளவட்டங்களிடம் அது பெருகியிருக்கிறது என்ற கவலை நியாயமானதே. ஆனால் வீட்டுக்குள் விழும் அடியைப் பொறுத்தவரை நம் ஊரில் முதல் இடம் இன்றும் சட்டப்படி விற்கிற பாட்டிலுக்குத்தான்.

நான் மிகவும் யோசித்த இடம் ஒன்று இருக்கிறது. கார்த்திகை பிறந்ததும் மாலை போடுகிறவர்கள். 41 நாள் மண்டல விரதம். கருப்பு வேட்டி, காலையில் குளிர்ந்த நீரில் குளியல், வெறுங்கால். ஆண்டு முழுக்கக் குவாட்டர் இல்லாமல் தூங்காத ஆள் அந்த 41 நாளும் தொடுவதில்லை. மனைவியை அடிப்பதில்லை என்பது மட்டுமா, குரலே உயர்வதில்லை. கடற்கரை ஊர்களில் தவக்காலத்தின் 40 நாள் இதே வேலையைச் சிலருக்குச் செய்கிறது. பெண்கள் இந்த நாட்களை நிம்மதியோடு எதிர்பார்ப்பதை நான் கேட்டிருக்கிறேன். இருமுடி இறக்கி மாலை கழற்றுகிற நாள் நெருங்க நெருங்க அவர்கள் முகம் மாறுவதையும் பார்த்திருக்கிறேன்.

அந்த 41 நாளில் அடி நின்றது குடி நின்றதாலா, சாமி பார்க்கிறார் என்பதாலா? இரண்டும் ஒரே நாளில் நின்று ஒரே நாளில் தொடங்குவதால் பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனால் ஒன்று நிச்சயம். விரதம் குடியை மட்டும் தடுப்பதில்லை, கோபத்தையும் கெட்ட வார்த்தையையும் சேர்த்தே தடுக்கிறது. ஊரே அவரைச் 'சாமி' என்று கூப்பிடுகிறது. ஒருவர் மீறினால் கேட்க ஆள் இருக்கிறது. மற்ற 324 நாளும் கேட்க ஆள் இல்லாததால்தானே அவர் கை நீளுகிறது? (இங்கே ஓர் எச்சரிக்கை. காலையிலேயே குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலைக்குப் போனவர் மருத்துவர் துணை இல்லாமல் சட்டென்று நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் புலன் குழம்பிப் பிதற்றும் நிலை வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.)

அடி மீண்டும் மீண்டும் நடக்கும் வீடுகளில் கேட்க ஆள் இல்லை என்பதைவிட, கேட்கிற ஆட்கள் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை போலக் கேட்கிறார்கள் என்பதே பொருத்தம். போன மாதம் ஊர்க் கமிட்டி பேசியது, அதற்கு முன் தேவாலயப் பங்கின் சிறு குழுவான அன்பியக் கூட்டத்தில் பேசினார்கள், அதற்கும் முன் காவல் நிலையத்தில் 'இனி குடிக்க மாட்டேன்' என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். கவனியுங்கள், குடிக்க மாட்டேன் என்றுதான் எழுதுகிறான். அடிக்க மாட்டேன் என்று எழுதுவது அபூர்வம். புகார் அடியைப் பற்றியது, தீர்வு குடியைப் பற்றியது. அடுத்த முறை அவன் குடிக்காமல் அடித்தால் எழுதிக் கொடுத்ததை மீறியதாகக்கூட ஆகாது! அவளிடமும் 'குடிகாரனிடம் எதுக்கு வாயைக் கொடுக்குத பிள்ளே' என்று பாதிப் பழியைப் போட்டு அனுப்புவார்கள். வன்முறையைச் சந்தித்த பெண்களில் 14 சதவீதம் பேர்தான் யாரிடமாவது உதவி கேட்டார்கள் என்று அந்தக் கணக்கெடுப்பு சொல்கிறது. மிச்சப் பேர் ஏன் கேட்கவில்லை என்பதற்கு விடை இந்தச் சமாதானப் பேச்சுகளில் இருக்கிறது.

சட்டம் இந்த விஷயத்தில் ஊரைவிடத் தெளிவாக இருக்கிறது. ஒருவனுக்குத் தெரியாமலோ அவன் விருப்பத்துக்கு மாறாகவோ போதை ஏற்றப்பட்டிருந்தால் மட்டுமே அது குற்றத்துக்கு விலக்காகும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இதைச் சொன்ன பிரிவின் எண் 85. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே 85 என்ற எண், கணவனும் அவன் உறவினரும் செய்யும் கொடுமைக்கான பிரிவாக அமைந்துவிட்டது, பழைய 498ஏ. தற்செயல்தான், ஆனாலும் அந்த எண் இப்போது சரியான இடத்துக்குப் போயிருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

அன்றாடத்துக்கு அதைவிடப் பயன்படுவது 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் உள்ள குடும்ப வன்முறைச் சட்டம். கணவனை ஜெயிலுக்கு அனுப்ப வேண்டாம், அடி மட்டும் நின்றால் போதும் என்று நினைக்கிற பெண்ணுக்காக எழுதப்பட்டது போல இருக்கும். நெருங்கக் கூடாது, அடிக்கக் கூடாது என்று நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) பாதுகாப்பு ஆணை தரலாம். தேவையானால் அவனையே வீட்டைவிட்டு வெளியே இருக்கச் சொல்லலாம். வீடு மாமனார் பெயரில் இருக்கிறதே என்பது தடையில்லை, 2020இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. பணத்தைப் பிடுங்குவதும் நகையை அடகு வைப்பதும் கட்டாய உறவும்கூட இந்தச் சட்டத்தில் வன்முறைதான். ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். 'எழுதிக் கொடுத்துட்டுப் போ' என்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான்: இதை மீறினால் அது இரண்டாவது தடவை என்று பதிவாகும்.

சிகிச்சைக்கு வருவோம். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மற்ற 37 பேரின் வீட்டிலும் வைத்தியம் பார்ப்பது மனைவிதான். சோற்றில் கலந்து கொடுக்கும் 'குடி மறக்கும் பொடி' பற்றிக் கேள்விப்படாத பெண் இந்த மாவட்டத்தில் இருக்க மாட்டார். அதில் குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் என்ற மருந்து கலந்திருந்தால், தெரியாமல் அதன்மேல் குடிக்கும் ஆளுக்கு வாந்தி, மூச்சுத்திணறல், ரத்த அழுத்தச் சரிவு, சில நேரம் மரணமும் வரும். உண்மை தெரிந்த மறுநாள் அவளுக்கு என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். அதே மருந்தை அவனுக்குத் தெரிந்து, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் மனநல மருத்துவர் கொடுத்தால் அது சிகிச்சை.

சிகிச்சை முடித்துக் குடியை விட்டவர்களில் பலரிடம் அடியும் குறைகிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் சில மாதங்கள் கடினமானவை. தூக்கம் வராது, எரிச்சல் போகாது. 'உனக்காகத்தானே விட்டேன்' என்பது புதிய அதட்டலாக மாறும் வீடுகள் உண்டு. கை ஓங்குவது நின்று, செலவுக்குக் கணக்குக் கேட்பதும் அம்மா வீட்டுக்கு விடாததும் கூடும். ஆகவே குடிக்கு ஒரு சிகிச்சை, அடிக்கு ஒரு கண்காணிப்பு என்று இரண்டும் தனித்தனியாக வேண்டும். அடி நிற்காத வீட்டில் இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசவைப்பது எனக்கு ஒப்பாத காரியம். அங்கே அவள் வாய் திறந்து சொன்னதற்கு இரவில் வீட்டில் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

கடையை மூடினால் போதாதா? 2015 ஜூலை 31 அன்று மார்த்தாண்டம் அருகே உண்ணாமலைக்கடையில் ஒரு மதுக்கடையை அகற்றச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரிழந்தார். அந்தக் கோரிக்கையில் அர்த்தம் இல்லாமல் இல்லை. 2016இல் மதுவிலக்கு வந்த பீகாரைப் பற்றி 2024இல் வந்த ஓர் ஆய்வு, அங்கே சுமார் 21 லட்சம் பெண்கள் கணவனின் வன்முறையில் இருந்து தப்பினார்கள் என்று மதிப்பிட்டது. அதே பீகாரில் கள்ளச்சாராயச் சாவுகளும் நிற்கவில்லை, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்களை மெத்தனால் கொன்றதும் நினைவில் இருக்கிறது. குமரியிலோ ஒரு கடையை மூடினால் பைக்கில் சிறிது தூரத்தில் எல்லைக்கு அப்பால் இன்னொரு கடை. கடையை மூடுவது அடியின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், அடிக்கலாம் என்ற நினைப்பை மூடாது.

அவசரத்துக்கு: 181 இரவு பகலாக இயங்கும் பெண்கள் உதவி எண், 14446 போதை மீட்புக்கு. மாவட்டத்துக்கு ஒன்று வீதம் 'சகி' சேவை மையமும், சமூகநலத் துறையின் பாதுகாப்பு அலுவலரும் உண்டு. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பொறுத்துப் பார்க்கக் கூடாது. கழுத்தை நெரிப்பது. ஒருமுறை அப்படி நெரிக்கப்பட்ட பெண் பின்னால் அதே ஆணால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்கு கூடுதல் என்று 2008இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. வெளியே காயமே தெரியாது, குரல் மட்டும் கரகரக்கும். மருத்துவமனையில் 'வழுக்கி விழுந்தேன்' என்று சொல்லாமல் நடந்ததைச் சொன்னால் அது விபத்துப் பதிவேட்டில் ஏறும், பின்னால் நடுவர் முன்னால் பேசும்.

மற்ற நாட்களுக்கும் பதிவு வேண்டும். நம் வீடுகளில் காலண்டரில் பால் கணக்கு எழுதுவோம், கேஸ் சிலிண்டர் வந்த தேதி எழுதுவோம். அடி விழுந்த தேதி, நேரம், கையாலா பொருளாலா, அன்று குடித்திருந்தானா இல்லையா, பார்த்தது யார் என்று அதேபோல ஒரு வரி போதும். ஆறு மாதம் கழித்து அந்தத் தேதிகளைப் பார்த்தால் எத்தனை நாள் போதையில், எத்தனை நாள் தெளிவில் என்று அவளுக்கே தெரியும். எழுதுவது அவன் கண்ணில் படாத சுவரில் இருக்க வேண்டும். அம்மா வீட்டுக் காலண்டர் நல்லது.